மார்செலின் ரிவோல்வர்களும் இவருடைய கையெழுத்தும்

1

மூன்று வருடமாக ஊருக்கு ஒரு பொய் சொல்லிவருகிறேன். மன்னாரில் இருக்கும் என் தங்கச்சி தொலைபேசி எடுக்கிறபோதெல்லாம் என்ன வேலை என்று கேட்பாள். மெசின் பட்டறை என்பேன். இங்கே வந்து பத்து வருடம் சட்டைக் கம்பனி ஒன்றில் கொலர் தைத்தவள் நான். ஆகவே அவள் தையல் மெசின் என்று நினைத்துக்கொள்வாள். நானும் திருத்தப் போவதில்லை. பாவத்தில் இது எந்த வகை என்று பங்குச் சாமியாரிடம் கேட்கவும் இல்லை.

உண்மை இதுதான். மொன்றியாலுக்கு வடக்கே, ஆற்றைத் தாண்டி, லவாலில் ஒரு சின்னப் பட்டறையில் நான் ரிவோல்வர்களின் உள்ளுறுப்புகளைத் தேய்த்து மெருகிடுகிறேன். எங்கள் பேச்சில் சொன்னால் துவக்கு வேலை. இந்தியாவில் இருந்து வாசிப்பவர்கள் குழம்பவேண்டாம். எங்களுக்குத் துவக்கு என்றால் துப்பாக்கி. எங்கள் தேவாலய மண்டபத்தில் சென்னையில் இருந்து வந்த ஒருவர் மேடையில் ஏறி, “விழாவை யார் துவக்குவது?” என்று கேட்டபோது முன்வரிசையில் இருந்த மாமிமார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

போன கிழமை என் முதலாளி மார்செல் ஒரு ரிவோல்வரை மூடுவதற்கு முன் என்னைக் கூப்பிட்டார். அதன் பக்கத் தகட்டின் உட்புறத்தில், சொந்தக்காரர் ஆயுளுக்கும் பார்க்கப்போகாத இடத்தில், ஊசிமுனையால் தன் பெயரின் முதல் எழுத்தைக் கீறுவது அவர் வழக்கம். கீறிவிட்டு ஊசியை என்னிடம் நீட்டினார். உன்னுடையதையும் போடு என்றார். நான் றீற்றா என்பதற்கு ‘R’ என்று கீறினேன். ஊசி வழுக்கியதில் அது ‘K’ மாதிரி விழுந்துவிட்டது. என்றாலும் என் எழுத்துத்தான். அன்று மெட்ரோவில் வீடு திரும்பும்போது, இனி ஊருக்கு ஒளிக்கக்கூடாது என்று நினைத்தேன். அதனால் இந்தக் குறிப்பு.

2

மொன்றியாலின் ஷபானெல் தெருவில் தையல் கம்பனிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சீனாவுக்குப் போன காலம். எங்களுடையதும் போனது. வேலை தேடும் அலுவலகத்தில் ஒரு பெண்பிள்ளை என் பத்து வருடத்தைக் கணினியில் இரண்டு வரியாகத் தட்டிவிட்டு, லவாலில் ஒரு பட்டறைக்கு வாரம் இரண்டு நாள் கூட்டித் துடைக்க ஆள் வேண்டுமாம், போவீர்களா என்று கேட்டாள். போனேன். மெட்ரோ ஆற்றுக்கு அந்தப்பக்கம் போகத் தொடங்கியிருந்த வருடம் அது. நாங்கள் இருக்கும் கார்ட்டியர்வில்லில் இருந்து ஒரு பஸ், பிறகு மெட்ரோவின் ஒறேஞ்ச் லைன்.

மார்செல் என்னைவிட ஆறு வயது இளையவர். ஒல்லி. தடித்த கண்ணாடி. வேட்டைக்குப் போவதில்லை, வீட்டில் துவக்கு வைத்திருப்பதில்லை. இலக்குச் சுடும் போட்டிக்காரர்களின் ரிவோல்வர்களை வாங்கி, கழற்றி, அவரவர் கைக்கு ஏற்றமாதிரிச் சரிசெய்து கொடுப்பதுதான் தொழில். பேச்சுக் குறைவு. ஆனால் மேசையில் குனிந்தபடி அடிக்கடி முணுமுணுப்பார். தபர்நாக் என்பார். சிபுவார் என்பார். ஒஸ்தி என்பார். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் அவை தேவநற்கருணைப் பேழை, நற்கருணைப் பாத்திரம், அப்பம். இவ்வளவு பக்தியான மனுசன் இந்த ஊரில் ஒருவராவது இருக்கிறாரே என்று எனக்குப் பெரிய சந்தோசம். ஒருநாள் அவர் மூன்றையும் சேர்த்துச் சொன்னபோது நான் கூட்டிக்கொண்டிருந்த தும்புத்தடியை விட்டுவிட்டுச் சிலுவை அடையாளம் போட்டேன்.

வீட்டில் வந்து சொன்னதும் என் மகள் மெலனி சோபாவில் விழுந்து சிரித்தாள். கியூபெக்காரர் கோபம் வந்தால் திட்டுகிற தூசணம் அம்மா அது என்று பிரெஞ்சிலேயே விளக்கினாள். அவளுக்கு இப்போது தமிழில் சிரிக்கமட்டும்தான் வருகிறது. அடுத்தநாள் மார்செலிடம் இதைச் சொன்னேன். காது மடல்வரை சிவந்துபோனார். அதற்குப் பிறகு தூசணம் வந்தால் வெளியே எழுந்து போய், கதவைச் சாத்திவிட்டுச் சொல்லிவிட்டு வருவார்.

கூட்டுகிறவள் எப்படி மேசைக்கு வந்தேன் என்பதையும் சொல்லவேண்டும். ஒருநாள் அவர் நகம் அளவான ஒரு உறுப்பைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்து அரைநாளாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். இழுக்கும்போது எங்கோ ஒரு இடத்தில் தடக்குகிறது, எங்கே என்று தெரியவில்லை. மூன்றுமுறை வெளியே போய் வந்துவிட்டார். எனக்குப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. தையல் ஊசியின் முனையில் பிசிறு இருக்கிறதா என்று கண்ணால் பார்க்க முடியாது. நாங்கள் நைலோன் துணியில் வைத்து இழுத்துப் பார்ப்போம். பிசிறு இருந்தால் நூல் பிடிக்கும். நான் சப்பாத்தைக் கழற்றி, என் காலில் இருந்த நைலோன் காலுறையை உருவி, அந்த உறுப்பை வாங்கி அதன்மேல் மெதுவாக இழுத்தேன். ஒரு விளிம்பில் நூல் பிடித்தது. நகத்தால் அந்த இடத்தைக் காட்டினேன். அவர் கண்ணாடியை வைத்துப் பார்த்தார். இந்த முறை வெளியே போகவில்லை. என் முன்னாலேயே பேழையையும் பாத்திரத்தையும் சொல்லிவிட்டார். மறுநாள் எனக்கு ஒரு ஸ்டூல் வந்திருந்தது. பக்கத்தில் புது நைலோன் காலுறை ஒரு பெட்டி.

3

வாசிக்கிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு ரிவோல்வர் என்றால் படத்தில் வில்லன் கையில் இருப்பது. எனக்கும் அப்படித்தான் இருந்தது. அதன் பக்கத் தகட்டைக் கழற்றி உள்ளே பார்த்த அன்று அந்த எண்ணம் போய்விட்டது.

மார்செல் எடுப்பது விசையை ஒரே இழுப்பாக இழுத்துச் சுடும் வகையை. அந்த ஒரு இழுப்பில் நாலு வேலை நடக்கவேண்டும். தோட்டா இருக்கும் உருளை ஒரு அறை அளவு சுழலவேண்டும். குழாய்க்கு நேரே வந்து பூட்டிக்கொண்டு நிற்கவேண்டும். பின்னால் சுத்தியல் எழும்பவேண்டும். உச்சிக்கு வந்ததும் விடுபட்டு விழவேண்டும். எல்லாம் ஒரு விரலின் பலத்தில். தொழிற்சாலையில் இருந்து வரும்போது அந்த இழுப்பு மழைக்கு ஊதிப்போன மேசை லாச்சியை இழுப்பதுபோல இருக்கும். பன்னிரண்டு இறாத்தல் பாரம், நடுவில் இரண்டு தடக்கல், முடிவில் ஒரு இறுக்கம். சுடுகிறவரின் விரல் அங்கே திணறினால் குழாயும் அசையும்.

அதைத்தான் மார்செல் சரிசெய்கிறார். உரசும் முகங்களை மாக்கல் மாதிரி மென்மையான ஒரு கல்லால் தேய்ப்பார். மூன்று தேய்ப்பு, துடைப்பு, பார்வை. மறுபடி மூன்று. கோணம் ஒரு மயிரளவு மாறினாலும் அந்த உறுப்பைக் குப்பையில் போடவேண்டும். உருளையின் பின்னால் ஆறு பற்கள். ஒரே அச்சில் வந்த ஆறும் ஒரேமாதிரி இருக்காது. ஒவ்வொன்றிலும் நீல மை பூசி, சுழற்றி, மை அழிந்த இடத்தைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வைத்தியம் செய்வார். நாலு நாள் வேலைக்குப் பிறகு தகட்டை மூடினால் வெளியே ஒரு மாற்றமும் தெரியாது. இழுத்தால்தான் தெரியும். தொடக்கமும் முடிவும் ஒரே பாரம். உருளை பூட்டும் சத்தம் கேட்கும், விரலுக்கு எட்டாது. முதல்முறை அதை இழுத்துப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. ஏன் என்று கேட்டால் தெரியாது. பத்து வருடம் நாளைக்கு நானூறு கொலர் தைத்தவளுக்கு, ஒருவர் ஒரேயொரு சாமானுக்கு நாலு நாள் செலவழிப்பதைப் பார்த்த ஆச்சரியமாக இருக்கலாம்.

ரொக்ஸ்பரோவில் இருந்து ஒரு ஓய்வுபெற்ற தாதி வருவார். மதாம் தெரேஸ். முப்பது வருடமாக இலக்குச் சுடுபவர். விரல் மூட்டுகள் வாதத்தில் முடிச்சு முடிச்சாக வீங்கிப் போய், இனிச் சுடமுடியாது, விற்றுத்தாருங்கள் என்று தன் ரிவோல்வரைக் கொண்டுவந்தார். மார்செல் அதைத் தொடவே இல்லை. தன் இரண்டு விரலை நீட்டி, இதைப் பிடித்து நசியுங்கள் என்றார். அரைமணித்தியாலம் அந்தக் கையைத்தான் பார்த்தார். எந்த இடத்தில் வலி தொடங்குகிறது, எந்த இடத்தில் பிடி தளர்கிறது என்று ஒரு துண்டில் எழுதிக்கொண்டார். மூன்று கிழமை கழித்து அவர் வந்தபோது, வெறும் ரிவோல்வரின் குழாயின்மேல் ஒரு இருபத்தைந்து சத நாணயத்தை வைத்து, இழுங்கள் என்றார். மதாம் இழுத்தார். சுத்தியல் விழுந்தது. நாணயம் இருந்த இடத்திலேயே இருந்தது. அவர் அதை ஆறுமுறை செய்தார். பிறகு எங்கள் இருவரையும் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தார். வைத்தியர்கள் கைவிட்ட கையை ஒரு துவக்கு வேலைக்காரன் விளங்கிக்கொண்டான் என்று நான் இன்றைக்கும் சொல்வேன்.

இது உயிரை எடுக்கக்கூடிய சாமான் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. வன்னியையும் மன்னாரையும் கண்டு வந்தவளுக்கு அதை யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை. ஆனால் அழகாகச் செய்ததை அழகில்லை என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

4

சின்ன உறுப்புகளைத் தேய்ப்பதற்கு ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை. முழு ரிவோல்வரைத் தனியாகக் கையாள அனுமதிப்பத்திரம் வேண்டும். அது கிடைத்தால் பட்டறைத் திறப்பில், அதாவது சாவியில், ஒன்று எனக்குத் தருவதாக மார்செல் சொன்னார். பூட்டி, சரிபார்த்து, முடிக்கும் வேலையில் பாதி என்னுடையது. நாற்பத்தாறு வயதில் முதல்முறையாக ஒரு வேலையை முழுதாகச் செய்யும் வாய்ப்பு. எனக்கு அது வேண்டும் போல இருந்தது. வேண்டும் என்று இந்த நாட்டில் நான் ஆசைப்பட்ட முதல் காரியம் அதுதான்.

முதலில் பாதுகாப்பு வகுப்பு, சோதனை. சோதனைக்காரர் சுத்தியலைத் தொட்டு இது என்ன என்று பிரெஞ்சில் கேட்டார். பிரெஞ்சில் அதற்கு நாய் என்று பெயர். ஷியன். மார்செல் நூறுதரம் சொல்லியிருக்கிறார். ஆனால் எங்கள் ஆட்கள் அதைக் குதிரை என்பார்கள் என்பது எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். படபடப்பில் மூளை ஊருக்குப் போய்விட்டது. ஷெவால் என்றேன். குதிரை. அவர் மேசைக்குக் கீழே எட்டிப் பார்த்தார். நான் விளக்கம் சொல்ல, அவர் சிரித்துச் சிரித்து, பத்திரத்தில் சரி என்று அடையாளம் போட்டார். ஒரே சாமானில் அவர்கள் நாயைக் கண்டிருக்கிறார்கள், நாங்கள் குதிரையைக் கண்டிருக்கிறோம் என்று அடுத்த வகுப்புக்கு இதை உதாரணம் சொன்னாராம்.

மெலனி விண்ணப்பத்தை நிரப்பித் தந்தாள். நாலாம் பக்கத்தில் கணவரின் கையெழுத்துக்கு ஒரு பெட்டி.

இவர் பெயர் சேவியர். முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை. கோபக்காரர் இல்லை, என் வேலையையும் ஒருநாளும் குறை சொன்னதில்லை. எங்கள் கலியாணத்துக்கு முன், ஊரில் ஒரு பின்னேரம் இவரை வேறு யாரோ என்று நினைத்துப் பிடித்துக்கொண்டுபோய் விசாரித்திருக்கிறார்கள். பிடித்தது யார் என்பது இங்கே தேவையில்லை. அந்த நாளில் எல்லாரிடமும் துவக்கு இருந்தது. கண்ணைக் கட்டி, நெற்றியில் தோட்டா இல்லாத வெறுந் துவக்கை வைத்து வெருட்டிவிட்டு விட்டுவிட்டார்கள். பிறந்தநாள் வீடுகளில் இதைச் சொல்லி எல்லாரையும் சிரிக்கவைப்பார். டிக் என்று சத்தம் கேட்டதாம், நான் செத்துப்போனேன் என்று நினைத்து இயேசுவே என்று கூப்பிட, பக்கத்தில் நின்றவன் தும்மினானாம் என்பார். நானும் இருபது தடவை சிரித்திருக்கிறேன்.

விண்ணப்பத்தை நீட்டியபோது பேந்து பாப்பம் என்றார், பிறகு பார்க்கலாம் என்று. பிரிட்ஜுக்கு மேலே வைத்தார். அது அங்கேயே கிடந்தது. கேட்கும்போதெல்லாம் பேந்து. வேண்டாம் என்று சொன்னால் சண்டை பிடிக்கலாம், பேந்து என்பவரோடு என்ன சண்டை பிடிப்பது? இரண்டு கிழமை மெலனி மூலமாகத்தான் பேசிக்கொண்டோம். அவள் இரண்டு பேருக்கும் பிரெஞ்சில் பதில் சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விடுவாள். கடைசியில் ஆத்திரத்தில் கையெழுத்து இல்லாமலே தபாலில் போட்டேன். அப்படி அனுப்பினால் அலுவலகம் கணவரைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்குமாம்.

கூப்பிட்டார்கள். உங்கள் மனைவியைப் பற்றி உங்களுக்குப் பயம் ஏதும் உண்டா என்று ஒரு பெண் குரல் கேட்டிருக்கிறது. எங்கள் ஆண்களிடம் இதைக் கேட்கலாமா? இவர் தன் வழக்கமான பகிடியை விட்டார். ஓம், எல்லாரையும் போல, இருபது வருடமாக என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். மறுபக்கத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. கோப்பு நிறுத்தப்பட்டது, அதிகாரி வீட்டுக்கு வருவார் என்று ஒரு கடிதம் வந்தது.

5

வந்த அதிகாரி ஐம்பது வயதுப் பெண். தேத்தண்ணி வேண்டாம் என்றார். கணவரோடு தனியாகப் பேசவேண்டும் என்று என்னை அறைக்குள் அனுப்பினார். இந்தப் பகிடியால் என் வேலை போகப்போகிறது என்ற எரிச்சலில், ஏற்கெனவே மடித்திருந்த உடுப்புகளை மறுபடி மடித்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிடத்தில் இவர் கூப்பிட்டார்.

“றீற்றா, இஞ்சை வாரும்.”

போனேன். தனித்தனியாகத்தான் கேட்கவேண்டும் என்று அதிகாரி சொன்னார். இவர் தன் பிரெஞ்சில், அவளும் இருக்கட்டும் என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“இதை நான் ஒருக்காத்தான் சொல்லுவன். நீர் இருந்து அவவுக்குச் சொல்லும்.”

அதை அதிகாரிக்குப் பிரெஞ்சில் சொன்னேன். அவர் நான் உட்கார ஒரு கதிரையைக் காட்டினார்.

மனைவியிடம் பயம் இல்லை, பகிடிக்குச் சொன்னது என்று தொடங்கி, அந்தப் பின்னேரத்தை இவர் சொல்லத் தொடங்கினார். இந்தமுறை தும்மல் வரவில்லை. கண் கட்டியிருந்ததால் சத்தங்களை மட்டும் சொன்னார். நான் ஒவ்வொரு வசனமாகப் பிரெஞ்சில் மாற்றினேன். இரும்பு நெற்றியில் பட்டது. கறகற என்று ஏதோ சுழன்றது. டிக் என்றது. ஒருவன் ஏதோ பேசினான். பிறகு இரும்பு திறக்கிற மாதிரி ஒரு சத்தம். சீமெந்து நிலத்தில் ஒன்றன்பின் ஒன்றாக ஆறு சாமான் விழுந்து உருண்டன. குனிந்து அவற்றைப் பொறுக்கினார்கள். அதற்குப் பிறகு இவரை வெளியே தள்ளிவிட்டார்கள்.

நான் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டேன். இப்போதுபோல மூன்று வருடம் அல்ல, அப்போது எனக்கு அந்த மேசையில் ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. ஆனால் காது பழகியிருந்தது. வெறுந் துவக்கைத் திறந்தால் விழுவதற்கு ஒன்றும் இல்லை. வெடித்து முடிந்த வெற்றுக் கோது விழுந்தால் மணி மாதிரிக் கிணுங்கும். வெடிக்காத தோட்டா மந்தமாக விழும். கேட்டிருக்கக்கூடாது. வாய் கேட்டுவிட்டது.

“விழேக்கை என்ன மாதிரிச் சத்தம்? கிணுங்கினதோ, இல்லாட்டி மொத்தெண்டு விழுந்ததோ?”

இவர் என்னைப் பார்த்தார்.

“மொத்தெண்டுதான். நீர் இந்தக் கேள்வியைக் கேப்பீர் எண்டுதான் நான் இவ்வளவு நாளும் கையெழுத்து வைக்கேல்லை. கேட்டிட்டீர். இனி மறுமொழியைச் சொல்லும்.”

கறகற என்று சுழன்றதென்றால், யாரோ ஒரு சோம்பேறி அந்த ரிவோல்வரைத் துடைக்காமல், எண்ணெய் காட்டாமல், ஊத்தையும் கறளுமாக வைத்திருந்திருக்கிறான். ஆறு அறையிலும் தோட்டா, சுத்தியல் அதில் ஒன்றில்தான் விழுந்திருக்கிறது, அதை வெடிக்கவைக்கும் பலம் சுத்தியலுக்கு இருக்கவில்லை. மார்செலின் மேசைக்கு அது ஒருதடவை வந்திருந்தால் இவர் இன்று இல்லை. மெலனியும் இல்லை. பொய் சொல்லியிருக்கலாம். வெறுந் துவக்குத்தான் என்று சொல்ல ஒரு நிமிடம் ஆகாது, அந்தப் பகிடியும் பிறந்தநாள் வீடுகளில் உயிரோடு இருந்திருக்கும். ஆனால் இவர் அதைக் கேட்கவில்லை. வேலை தெரிந்த ஒருத்தியிடம் கேட்டார்.

“அது வெறுந் துவக்கு இல்லையப்பா. உள்ளுக்கை தோட்டா இருந்திருக்கு. வெடிக்கேல்லை.”

இவர் தலையை ஆட்டினார். மேசையில் ஒட்டியிருந்த ஒரு சோற்றுப் பருக்கையை நகத்தால் சுரண்டினார். அதிகாரி பேனையை வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

“விளையாட்டுக்குச் செய்தவன் எண்டு நினைச்சு நான் அவனை அண்டைக்கே மன்னிச்சுப்போட்டன்” என்றார் இவர். “அது ஒரு பெரிய வேலையே இல்லை. இனித்தான் மன்னிக்க வேணும்.”

பிறகு அதிகாரியின் பேனையை எடுத்து, அவர் கொண்டுவந்திருந்த என் விண்ணப்பத்தைத் தன் பக்கம் திருப்பி, பெட்டிக்குள் கையெழுத்து வைத்தார்.

உங்கள் கணவர் கடைசியாக என்ன சொன்னார் என்று அதிகாரி என்னிடம் கேட்டார்.

சம்மதம் என்கிறார் என்றேன்.